ஏலப் படத்திலிருந்து நினைவகப் பலகையை அடையாளம் காணல்: பழைய மினிகணினிகளை நாடும் புதியவர்களுக்கு

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1980களின் இறுதிவரை ஆய்வுகூடங்களிலும் ஆலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இயங்கிய மினிகணினிகளின் பலகைகள் இன்றும் இணைய ஏலத் தளங்களுக்கு விற்பனைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றுள் நினைவகப் பலகைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஏனெனில், இயந்திரத்தின் பிற பாகங்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தாலும் நினைவகம் இல்லாவிட்டால் ஒரு வரி நிரலைக்கூட ஓட்ட முடியாது. ஆனால் அவற்றை விற்பவர்களில் பெரும்பாலானோர் கணினி அறிந்தவர்கள் அல்லர். மூடப்பட்ட ஓர் ஆலையின் களஞ்சியத்தையோ, காலமான ஒரு பொறியியலாளரின் வீட்டையோ வெறுமையாக்கும்போது கையில் அகப்பட்டதைப் படமெடுத்து, தமக்குத் தோன்றிய தலைப்பை இட்டு விற்கிறார்கள். ஆகவே தலைப்பை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் படிக்கப் பழகுவதே இத்துறைக்குள் நுழைபவர் பெறவேண்டிய முதல் தேர்ச்சியாகும்.

மலையகத்திலிருந்து வாங்கும் நமக்கு இந்தத் தேர்ச்சி மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. 1883ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் மாதிரியைச் சுவைத்துப் பார்த்த பிறகே வாங்குபவர்கள் விலை கேட்பார்கள். இணைய ஏலத்தில் நமக்குக் கிடைக்கும் மாதிரி புகைப்படம் ஒன்றே. பிழையான பலகை வந்து சேர்ந்தால், ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ அதை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் செலவு பலகையின் விலையையே விஞ்சிவிடக்கூடும். இது மெமரிதானா, எந்த இயந்திரத்துக்குரியது, எவ்வளவு கொள்ளளவு, குறையின்றி இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விலை கேட்பதற்கு முன்னரே படத்திலிருந்து விடை காணவேண்டும்.

இங்கே நான் பெரும்பாலும் டெக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் கோர்ப்பரேஷன் நிறுவனத்தின் பலகைகளைப் பற்றியே எழுதுகிறேன். 1957இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மேனார்ட் என்ற ஊரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 1965இல் 12 பிட் பிடிபி-8 இயந்திரத்தையும் 1970இல் 16 பிட் பிடிபி-11 இயந்திரத்தையும் வெளியிட்டது. 1975இல் பிடிபி-11இன் சிறிய வடிவமாகிய எல்எஸ்ஐ-11 வந்தது. ஏலத்தில் புதியவரின் கண்ணில் முதலில் படுவதும், ஆவணங்கள் எளிதாகக் கிடைப்பதும் இந்தக் குடும்பத்தின் பலகைகளே.

தேடத் தொடங்குதல்

"பழைய கணினி மெமரி" என்ற பொருள்படும் பொதுச் சொற்களை இட்டுத் தேடினால் தனிக்கணினி மெமரிக் குச்சிகளே ஆயிரக்கணக்கில் வந்து குவியும். பலகையின் எண்ணைக் கொண்டு தேடுவதே பயன்தரும். எம்8044, எம்8059, எம்8067, எம்7551, எம்7891 ஆகிய எண்களை ஆங்கில எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பாருங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே சிறு கோடு இட்டும் இடைவெளி விட்டும் மீண்டும் தேடுங்கள், ஏனெனில் விற்பவர்கள் எல்லாரும் ஒரே விதமாக எழுதுவதில்லை. பழைய கணினிகளுக்கான பிரிவோடு நின்றுவிடாமல், தொழிற்சாலை இயந்திரக் கட்டுப்பாட்டுப் பொருட்களுக்கான பிரிவையும், தங்கம் பிரித்தெடுப்பதற்கான கழிவுப் பலகைகள் என்ற பிரிவையும் பார்க்கவேண்டும்.

அந்தக் கடைசிப் பிரிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பலகையின் விளிம்பில் உள்ள தங்க முலாமுக்காக இவை நிறைக்கு விற்கப்பட்டு, வெட்டப்பட்டு, அமிலத்தில் கரைக்கப்படுகின்றன. இனி எவரும் செய்யப்போவதில்லை என்ற நிலையிலுள்ள ஒரு பலகையைச் சில மில்லிகிராம் தங்கத்துக்காக அழிப்பது பெரும் இழப்பு. அந்தக் குவியல் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, எண்ணைப் படித்து, ஒரு பலகையையாவது காப்பாற்ற முடியுமானால் அது செய்யத்தக்க வேலை.

அளவும் விளிம்பும்

படத்தைத் திறந்ததும் முதலில் விளிம்பைப் பாருங்கள். டெக் பலகையின் அடிவிளிம்பில் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் தொகுதி தொகுதியாகப் பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பக்கத்துக்கு 18 தொடுமுனைகள் வீதம் இரு பக்கமும் சேர்த்து 36 இருக்கும். இரண்டு தொகுதிகள் இருந்தால் அது டூவல், நான்கு இருந்தால் குவாட், ஆறு இருந்தால் ஹெக்ஸ் எனப்படும். டூவல் பலகையின் அகலம் சுமார் 5.2 அங்குலம், குவாட் 10.5 அங்குலம், ஹெக்ஸ் 15.7 அங்குலம், கைப்பிடியோடு சேர்த்து உயரம் மூன்றுக்கும் ஏறத்தாழ 8.9 அங்குலம். படத்தில் அளவுகோல் இல்லாவிட்டாலும் தொகுதிகளை எண்ணினாலே அளவு விளங்கிவிடும். தொடுமுனைகள் தொகுதிகளாகப் பிரியாமல் வேறு விதமாக அமைந்திருந்தால் அது டெக் பலகை அன்று என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

ஆனால் அளவு பொருந்துகிறது என்பதால் இயந்திரமும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொதுக் கம்பித் தடம் பஸ் எனப்படும். பிடிபி-8 வகையைச் சேர்ந்த பிடிபி-8/இ பயன்படுத்திய ஒம்னிபஸ், பெரிய பிடிபி-11 இயந்திரங்களின் யூனிபஸ், எல்எஸ்ஐ-11 குடும்பத்தின் கியூபஸ் ஆகிய மூன்றிலும் குவாட் பலகைகள் உண்டு. மூன்றின் விளிம்பும் பார்வைக்கு ஒன்றே. ஒன்றுக்குரிய பலகையை மற்றொன்றின் துளையில் செருகினால் தடையின்றி உள்ளே போய்விடும். மின்சாரம் கொடுத்ததும் பலகையோ இயந்திரமோ இரண்டுமோ பழுதாகிவிடக்கூடும். ஆகையால் அளவைக் கொண்டு சிலவற்றை விலக்கலாமே தவிர, எதையும் உறுதிசெய்ய முடியாது.

கைப்பிடியில் உள்ள எண்

உறுதிசெய்வது எண்ணே. தொடுமுனைகளுக்கு எதிர்ப்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் அல்லது உலோகக் கைப்பிடியில் ஓர் எழுத்தும் அதனுடன் மூன்று அல்லது நான்கு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எம் என்று தொடங்கினால் சாதாரண தர்க்கச் சுற்றுகள் கொண்ட பலகை. குறைகடத்தி நினைவகங்கள் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே வரும். ஜி, எச் என்று தொடங்கினால் காந்த வளைய நினைவகத்தின் பாகமாக இருக்க வாய்ப்புண்டு. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

பலகையின் செப்புத் தடத்திலேயே 50 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். அது பாகங்கள் பொருத்தப்படாத வெறும் பலகைக்குரிய எண். சிப்புகளின் மேல் 19, 21, 23 என்று தொடங்கும் எண்களையும் காணலாம். அவை டெக் நிறுவனத்தின் உதிரிப்பாக எண்கள். 23 என்று தொடங்கினால் நிரல் பதித்த ரோம் சிப். விற்பவர்கள் இவற்றுள் எது பெரிதாகத் தெரிகிறதோ அதைத் தலைப்பில் எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட தலைப்பைக் கண்டால் கைப்பிடி தெளிவாகத் தெரியும் படம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

கியூபஸ் நினைவகங்களில் புதியவர் அடிக்கடி சந்திக்கப்போவது சில எண்களையே. எம்8044 என்பது டெக் எம்எஸ்வி11-டி என்ற பெயரில் விற்ற பலகை, டூவல் அளவு. அதே வடிவில், பிழையைக் கண்டறிய உதவும் பரிற்றி பிட்டுகளும் சேர்ந்தது எம்8045. எம்8059 என்பது எம்எஸ்வி11-எல், இதுவும் டூவல். எம்8067 எம்எஸ்வி11-பி, குவாட். எம்7551 எம்எஸ்வி11-கியூ, இதுவும் குவாட்; 1 மெகாபைட் முதல் 4 மெகாபைட் வரை வந்தது. யூனிபஸ் இயந்திரங்களுக்கு ஹெக்ஸ் அளவில் எம்7891 என்ற எம்எஸ்11-எல் 256 கிலோபைட் வரையிலும், எம்8743 என்ற எம்எஸ்11-பி 1 மெகாபைட்டிலும் கிடைக்கின்றன. மற்ற எண்களுக்குப் பிட்சேவர்ஸ் என்ற இணையக் காப்பகத்தில் வருடிச் சேர்க்கப்பட்டுள்ள அசல் கையேடுகளைப் பார்க்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. அந்தக் கையேடுகளை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏலம் முடியும் நேரத்தில் இணைப்பு மெதுவானாலும் மின்சாரம் தடைப்பட்டாலும் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.

சிப்புகளை எண்ணுதல்

எண் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே எண்ணுடைய பலகை வெவ்வேறு கொள்ளளவில் வந்திருக்கிறது. எம்8044ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 4,096 சொற்கள், 8,192 சொற்கள், 16,384 சொற்கள், 32,768 சொற்கள் என நான்கு வகையாக விற்கப்பட்டது. பிடிபி-11இல் ஒரு சொல் என்பது 16 பிட், அதாவது 2 பைட். ஆகவே மிகச் சிறிய வகைக்கும் மிகப் பெரிய வகைக்கும் எட்டு மடங்கு வேறுபாடு; கைப்பிடியிலோ இரண்டிலும் ஒரே எண்.

இங்கேதான் கணக்குப் போடவேண்டும். அக்கால நினைவகச் சிப் பொதுவாக ஒரே நேரத்தில் ஒரு பிட்டை மட்டுமே தரும். ஆகையால் 16 பிட் சொல்லுக்குக் குறைந்தது 16 சிப்புகள் கொண்ட ஒரு வரிசை தேவை. பரிற்றி இருந்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பிட் கூடி 18 ஆகும். பிழை திருத்தும் வசதி இருந்தால் 16 பிட்டுக்கு 6 மிகைப் பிட்டுகள் சேர்ந்து 22 ஆகும். வரிசைகளின் எண்ணிக்கையை ஒரு சிப்பின் கொள்ளளவால் பெருக்கினால் மொத்தச் சொற்கள் வந்துவிடும்.

சிப்பின் கொள்ளளவை அதன் மேலுள்ள எண் சொல்லும். 4027 என்றால் 4,096 பிட், 4116 என்றால் 16,384 பிட், 4164 என்றால் 65,536 பிட், 41256 என்றால் 2,62,144 பிட். செய்த நிறுவனத்தைப் பொறுத்து முன்னே எழுத்துகளும், சில வேளைகளில் முற்றிலும் வேறு எண்ணும் இருக்கலாம். அப்போது அந்த நிறுவனத்தின் தரவுத்தாளைத் தேடவேண்டும். எம்8044இல் 32 நினைவகச் சிப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை 4,096 பிட் சிப்புகளானால் மொத்தம் 8,192 சொற்கள், அதாவது 16 கிலோபைட். அதே இடங்களில் 16,384 பிட் சிப்புகள் இருந்தால் 32,768 சொற்கள், அதாவது 64 கிலோபைட். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே பலகையாகவே தோன்றும். சிப்பின் மேலுள்ள எழுத்துத் தெரியும் நெருக்கமான படம் ஒன்று கிடைக்கும்வரை உயர்ந்த விலை கேட்கவேண்டாம்.

இதை எழுதும்போது என் மேசையில் ஓர் எம்8059 இருக்கிறது. கைப்பிடியை மேலே வைத்துப் பிடித்தால் 16 கால் சிப்புகள் இடைவெளியின்றி நெருக்கமாக அணிவகுத்திருப்பது தெரிகிறது, எண்ணினால் 36. அனைத்தும் 65,536 பிட் சிப்புகள். 36ஐ 18ஆல் வகுத்தால் 2 வரிசைகள்; ஆகவே 1,31,072 சொற்கள், அதாவது பரிற்றியோடு கூடிய 256 கிலோபைட். இதே பலகையின் சிறிய வகையில் பாதி இடங்கள் சிப்பின்றி, ஈயம் நிரம்பிய துளைகளாகவே இருக்கும். தொழிற்சாலையில் விடப்பட்ட அத்தகைய வெற்றிடங்கள் வரிசை முழுவதும் ஒழுங்காக இருக்கும். வரிசையின் நடுவே ஒன்றிரண்டு சிப்புகள் மட்டும் இல்லாவிட்டால், யாரோ வேறு பலகைக்காகக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

கொள்ளளவு கூடியது எப்போதும் நமக்கு உகந்தது என்றும் சொல்வதற்கில்லை. கியூபஸ் தொடக்கத்தில் 16 பிட் முகவரியோடு 64 கிலோபைட்டைத்தான் எட்டியது. பின்னர் 18 பிட்டில் 256 கிலோபைட், 22 பிட்டில் 4 மெகாபைட் என வளர்ந்தது. எம்8044 18 பிட் காலத்துப் பலகை. எம்8059 22 பிட்டிலும் இயங்கும். உங்களிடம் உள்ள செயலியும், பலகைகள் செருகப்படும் பின்தளமும் எந்தக் காலத்தவை என்பதை அறிந்த பிறகே பலகையைத் தெரிவு செய்யுங்கள்.

நினைவகம் போலத் தோன்றுபவை

அண்மையில் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி ஏலப் படம் ஒன்றை அனுப்பி, "அண்ணா, இது மெமரி என்று போட்டிருக்கிறான், எடுக்கலாமா?" என்று கேட்டார். தலைப்பில் மெமரி என்றுதான் இருந்தது. படத்தில் குவாட் பலகை. நிறையச் சிப் தாங்கிகள், அவற்றில் சில வெறுமையாக. கைப்பிடிப் பக்க ஓரத்தில் இரண்டு சிறிய ஆளிகளும் சில ஒளிரும் டயோடுகளும். உருப்பெருக்கிப் பார்த்தபோது கைப்பிடியில் எம்8012 என்று தெரிந்தது. அது பிடிவி11, இயந்திரத்தைத் தொடக்கிவிடும் ரோம் நிரலையும் பஸ்ஸின் முடிவுத் தடைகளையும் கொண்ட பலகை. பயனுள்ளதுதான், ஆனால் அவருக்குத் தேவைப்பட்ட, எழுதவும் படிக்கவும் கூடிய ராம் நினைவகம் அதில் இல்லை. ரோம் தாங்கிகளைக் கண்ட விற்பனையாளர் அதை நினைவகம் என்று நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்.

நினைவகப் பலகைக்குச் சில முக அடையாளங்கள் உண்டு. ஒரே விதமான 16 கால் சிப்புகள் பலகையின் பெரும்பகுதியை வரிசையாக நிரப்பியிருக்கும். வெளியே கம்பி போகும் இணைப்பான் பெரும்பாலும் இருக்காது. 40 கால் கொண்ட பெரிய சிப்புகள் தெரிந்தால் அது செயலியாகவோ வெளியுபகரணக் கட்டுப்பாட்டுப் பலகையாகவோ இருக்கக்கூடும். எம்8186, எம்8192 ஆகியவை செயலிகள். எம்7264 இவ்விடத்தில் குழப்பம் தரும். அது எல்எஸ்ஐ-11 செயலிதான், ஆனால் 4,096 சொல் நினைவகமும் அதே பலகையில் இருக்கிறது. எம்8047 என்ற எம்எக்ஸ்வி11-ஏ பலகையில் ராம், ரோம், தொடர் இணைப்பு மூன்றும் கலந்திருக்கும்.

இன்னொரு அடையாளம் உள்ளது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கியூபஸ் பலகைகளில் டிசி003, டிசி004, டிசி005 என்று எழுதப்பட்ட டெக் நிறுவனத்தின் சொந்தச் சிப்புகள் வரும். இவற்றுள் டிசி003 செயலியை இடைமறிக்கும் வேலைக்கானது. நினைவகத்துக்குச் செயலியை இடைமறிக்கும் தேவை இல்லை. எனவே படத்தில் டிசி003 தெரிந்தால் அது நினைவகப் பலகை அன்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டு பற்றிய தலைப்புகளையும் அப்படியே ஏற்கவேண்டாம். சிப்பின் மேல் நான்கு இலக்கத் திகதிக் குறியீடு இருக்கும். 8123 என்றால் 1981ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆனால் 7404, 7474 போன்றவை சிப்பின் வகையெண்கள். யூனிபஸ், கியூபஸ் பலகைகளின் விளிம்பருகே பெரும்பாலும் காணப்படும் 8641 என்ற சிப்பும் அப்படியே. அது பஸ்ஸுக்குத் தரவை அனுப்பிப் பெறும் சிப்பின் எண்ணே தவிர, 1986ஆம் ஆண்டின் 41ஆம் வாரம் அன்று. பல சிப்புகளில் வெவ்வேறாக வரும் நான்கு இலக்கங்களே திகதி. அவற்றுள் மிகப் பிந்தியதே பலகை செய்யப்பட்ட காலத்துக்கு அண்மையானது.

டெக்கின் மற்றோர் இயந்திரமாகிய மைக்ரோவாக்ஸ் 2இன் எம்7608, எம்7609 நினைவகங்கள் கியூபஸ் குவாட் பலகைகள் போலவே இருக்கும். தலைப்பிலும் கியூபஸ் என்றே எழுதுவார்கள். மேல்விளிம்பில் பட்டைக் கம்பிக்கான இணைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கம்பி வழியாக நேரே தமது செயலியோடு பேசும் பலகைகள் அவை, பிடிபி-11க்கு உதவா.

காந்த வளைய நினைவகம்

குறைகடத்திச் சிப்புகள் மலிவாவதற்கு முன்னர், நூலிழை போன்ற கம்பிகளில் கோக்கப்பட்ட நுண்ணிய ஃபெரைட் வளையங்களே நினைவகமாக இருந்தன. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். மின்சாரம் நின்றாலும் உள்ளடக்கம் அழியாது. பிடிபி-8/இ இயந்திரத்தின் 4,096 சொல் நினைவகத்தில் 49,152 வளையங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்கு அழகானவை என்பதால் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டுவதற்கென்றே வாங்குபவர்களும் உள்ளனர். அதனால் விலையும் ஏறிவிடுகிறது.

வாங்குபவர் கவனிக்கவேண்டியது, இவை தொகுதியாகவே இயங்கும் என்பதை. மேலே சொன்ன பிடிபி-8/இ நினைவகமாகிய எம்எம்8-இ, ஜி104, எச்220, ஜி227 என்ற மூன்று பலகைகளால் ஆனது. வளையங்கள் எச்220இல் உள்ளன; மற்ற இரண்டும் கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, வரும் சைகையைப் படிக்கும் பலகைகள். மூன்றையும் மேல்விளிம்பில் இணைக்கும் எச்851 என்ற சிறு இணைப்பான்களும் வேண்டும். பிடிபி-11க்குரிய 8,192 சொல் எம்எம்11-எல் தொகுதியும் இவ்வாறே ஜி110, ஜி231, எச்214 என மூன்று பலகைகள் கொண்டது. ஏலத்தில் எச் எண் மட்டும் தனியே வந்தால் அது காட்சிப் பொருள். ஜி எண் மட்டும் வந்தால் அது வேறொருவரின் தொகுதியை நிறைவு செய்யும் உதிரி. மூன்றும் ஒரே இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டவையா என்று கேட்பதும் முக்கியம்.

வளையங்களின் மேல் மூடி இருந்தால் அதைத் திறந்து படமெடுக்கும்படி விற்பவரிடம் கேட்கவேண்டாம். ஒரு கம்பி அறுந்தாலும் அதை மீண்டும் கோப்பது மிகக் கடினம்.

வேறு நிறுவனங்களின் பலகைகள்

டெக் இயந்திரங்களுக்குப் பொருந்தும் நினைவகங்களை டேட்டாரம், கிளியர்பொயின்ட், கமின்டன், கிறிஸ்லின், பிளெஸ்ஸி, நஷனல் செமிகொண்டக்டர், மொஸ்டெக் ஆகிய நிறுவனங்களும் செய்து விற்றன. விளிம்பு டெக் வடிவிலேயே இருக்கும்; கைப்பிடியில் எம் எண் இருக்காது. இவை பெரும்பாலும் நன்றாகவே இயங்குபவை. அசல் டெக் பலகை அல்ல என்பதால் விலையும் குறைவாக இருப்பதுண்டு. ஆனால் முகவரி ஆளிகளை அமைக்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கையேடு கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.

டேட்டா ஜெனரல் நிறுவனம் 1969இல் வெளியிட்ட நோவாவின் பலகைகளை ஒரே பார்வையில் இனங்காணலாம்: 15 அங்குலச் சதுரம், அடிவிளிம்பில் 100 தொடுமுனை கொண்ட இணைப்பு இரண்டு. ஹியூலெட் பேக்கார்ட் பலகைகளில் ஐந்து இலக்கம், சிறு கோடு, மீண்டும் ஐந்து இலக்கம் என்ற அமைப்பில் எண் இருக்கும். முதல் ஐந்து இலக்கங்களைக் கொண்டு தேடினால் எந்த உபகரணம் என்பது தெரியவரும்.

நிலை, கேள்விகள், விலை

பலகையின் பின்புறத்தில் ஓடும் மெல்லிய நீல அல்லது பச்சைக் கம்பிகளைக் கண்டு அஞ்சவேண்டாம். நேர்த்தியாக ஒட்டப்பட்டு, அளவாக வெட்டப்பட்டிருந்தால் அவை தொழிற்சாலையிலேயே செய்த திருத்தங்கள். கருகிய கொள்ளளவி (கப்பாசிட்டர்), சிப் கால்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூஞ்சணம் போன்ற அரிப்பு, தேய்ந்து செம்பு தெரியும் தொடுமுனை, வெட்டப்பட்ட விளிம்பு ஆகியவையே கவலைக்குரியவை. விளிம்பு வெட்டப்பட்ட பலகையை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். தங்கத்தை எடுத்துவிட்டு மீதியை விற்கிறார்கள். "சோதிக்கப்படவில்லை" என்ற அறிவிப்பு இந்தச் சந்தையில் இயல்பானது, சோதிக்க இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிலரே. அந்த அறிவிப்புள்ள பலகைக்குப் பழுதான பலகையின் விலையையே மனத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

விற்பவருக்கு எழுதும்போது மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுதுங்கள். கைப்பிடியின் நெருக்கமான படம், நினைவகச் சிப் ஒன்றின் நெருக்கமான படம், பின்புறத்தின் முழுப் படம் ஆகிய மூன்றும் போதும். எந்த இயந்திரத்திலிருந்து கழற்றியது என்று தெரியுமா எனவும் கேளுங்கள். நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, இரு பக்கமும் தடித்த அட்டை வைத்து, பலகை அசையாதபடி கட்டி அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள். நுரைப்பஞ்சுத் துண்டுகளுக்குள் பையில்லாமல் போட்டு அனுப்பினால் நிலைமின்னால் சிப்புகள் கெடலாம்.

உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே தீர்மானித்து ஒரே தடவையில் பதிந்துவிடுங்கள். கலிபோர்னியாவில் கோடைகால மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் நமக்கு மறுநாள் காலை 6.30க்கு முடியும், வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் விலையை ஏற்றிக்கொண்டிருப்பது நல்லதல்ல. பலகையின் விலையோடு அஞ்சல் கட்டணம், சுங்க வரி, கூரியர் நிறுவனம் அறவிடும் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, ரூபாவில் மொத்தம் என்ன என்று எழுதிப் பார்த்த பிறகே அந்த உச்சத்தைத் தீர்மானிக்கவேண்டும். பற்றுச்சீட்டில் உண்மையான விலையும், பழைய கணினியின் நினைவகப் பலகை என்ற தெளிவான விவரமும் இருக்கட்டும். விவரம் மங்கலாக இருந்தால் கொழும்பில் பொதி தாமதமாகும்.

வந்து சேர்ந்த பின்

மலைநாட்டின் ஈரப்பதம் இத்தகைய பலகைகளுக்கு நல்லதன்று. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழையும், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவ மழையும் சுவரையே நனைய வைக்கும். தகரக் கூரையின் கீழ் திறந்த தட்டில் வைக்கப்பட்ட பலகையின் சிப் கால்கள் கறுத்துவிடும். நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் மூடி வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். குளிரில் இருந்த பெட்டியைத் திறந்தவுடன் மின்சாரம் கொடுக்கவேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்து, படிந்த ஈரம் காயும்வரை பொறுங்கள்.

பிரித்தவுடன் இரு பக்கமும் படமெடுத்து ஏலப் படத்தோடு ஒப்பிடுங்கள். சிப் ஏதும் குறைந்திருந்தால் உடனே முறையிடலாம். தொடுமுனைகளை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சற்ற துணியால் துடைக்கவேண்டும். உப்புத்தாள் கொண்டு உரசினால் தங்க முலாம் போய்விடும். பழைய பற்றாசில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பலகையைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, கையேட்டில் உள்ள பின் பட்டியலின்படி 5 வோல்ட் இணைப்புக்கும் தரை இணைப்புக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள்; கியூபஸ், யூனிபஸ் இரண்டிலும் ஏஏ2 என்பது 5 வோல்ட், ஏசி2 என்பது தரை. 12 வோல்ட் வழியையும் அவ்வாறே அளக்கவேண்டும். தடை ஏறத்தாழப் பூச்சியமாக இருந்தால், குறுக்கிணைப்பு ஏற்பட்ட டாண்டலம் கொள்ளளவி ஒன்று இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. அதைக் கண்டுபிடித்து மாற்றும்வரை பலகைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. யூனிபஸ் நினைவகமானால் பின்தளத்தில் அதற்கென ஒதுக்கப்பட்ட துளை எது என்பதையும் இயந்திரத்தின் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே பின்தளத்தில் அடுத்தடுத்துள்ள துளைகளில்கூட மின்னழுத்தங்கள் வேறுபடும். நினைவகத்துக்கான துளையில் மட்டுமே அது பாதுகாப்பாக இயங்கும்.